கடை ஆப்பிள் ஓட்ஸ் கஞ்சியை வீட்டு அடுப்பில் செய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெக்டொனால்ட்ஸ் 2011 தொடக்கத்தில் அமெரிக்கா முழுக்க விற்க ஆரம்பித்த காலை உணவு ஒன்று உண்டு. பெயர் ‘ஃப்ரூட் அண்ட் மேப்பிள் ஓட்மீல்’. சூடான ஓட்ஸ் கஞ்சி, மேலே பொடியாக நறுக்கிய சிவப்பு ஆப்பிளும் பச்சை ஆப்பிளும், உலர்ந்த கிரான்பெரி, இரண்டு நிறத்தில் உலர் திராட்சை, கொஞ்சம் க்ரீம். நான் இருக்கும் ஒஹாயோ மாநிலத்தின் குளிர்காலத்தில் காரைவிட்டு இறங்காமலே வாங்கிக் கையைச் சூடாக்கிக்கொள்ள அதைவிட நல்ல பொருள் எனக்குக் கிடைக்கவில்லை. வாரம் நான்கு நாள் வாங்கிய பிறகுதான் இதை வீட்டில் செய்து பார்க்கலாமே என்று தோன்றியது. செய்ய ஆரம்பித்ததும் நண்பர்களும் சொந்தக்காரர்களும் கேட்ட கேள்விகள் இவை. பதில்கள் என் அடுப்படியில் கிடைத்தவை.

முதலில் அளவைச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சரி. ஒரு ஆளுக்கு:

ரோல்டு ஓட்ஸ் அரை கப் (40 கிராம்)
தண்ணீர் முக்கால் கப், பால் கால் கப்
உப்பு இரண்டு சிட்டிகை
உலர் திராட்சை ஒரு மேசைக்கரண்டி
உலர்ந்த கிரான்பெரி அரை மேசைக்கரண்டி
தோலோடு பொடியாக நறுக்கிய ஆப்பிள் அரை கப்
மேப்பிள் சிரப் (மேப்பிள் மரச்சாறைக் காய்ச்சிய பாகு) ஒரு தேக்கரண்டி
ஹாஃப் அண்ட் ஹாஃப் (பாதி பால் பாதி க்ரீம்) ஒரு மேசைக்கரண்டி

தண்ணீர், பால், உப்பு, திராட்சை நான்கையும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். ஓட்ஸைப் போட்டுத் தீயைக் குறைத்து 5 நிமிடம் வேகட்டும். இடையில் இரண்டு முறை கிளறினால் போதும். கொஞ்சம் நீர்க்க இருக்கும்போதே அடுப்பை அணைத்து, மூடி, 2 நிமிடம் விடுங்கள். சிரப்பைக் கலந்து கிண்ணத்தில் ஊற்றி, மேலே ஹாஃப் அண்ட் ஹாஃப், அதன் மேல் ஆப்பிளும் கிரான்பெரியும். அவ்வளவுதான்.

நானும் இப்படித்தான் செய்கிறேன். கடைச் சுவை வரவில்லையே?

எனக்கும் முதல் சில வாரங்கள் வரவில்லை. ஓட்ஸ் பிராண்டை மாற்றினேன், பாலைக் கூட்டினேன், பட்டைத்தூள் போட்டேன். கடைசியில் பார்த்தால் தவறு மூன்று இடத்தில் இருந்தது.

முதலாவது உப்பு. இனிப்புக் கஞ்சிக்கு உப்பு எதற்கு என்று விட்டுவிட்டேன். பாயசத்தில் ஒரு சிட்டிகை உப்பு போடும் வீட்டில் பிறந்தவனுக்கு இது தோன்றாமல் போனது ஆச்சரியம்தான். உப்பில்லாத ஓட்ஸ், நனைந்த அட்டை மாதிரி இருக்கும். அதைச் சரிக்கட்ட நாம் சர்க்கரையைக் கொட்டுவோம். உப்பைக் கொதிக்கும் தண்ணீரிலேயே போட வேண்டும், மேலே தூவினால் சேராது.

இரண்டாவது க்ரீம். நான் அதைக் கஞ்சியோடு சேர்த்துக் கொதிக்க வைத்தேன். அப்படிச் செய்தால் க்ரீமின் ருசி கஞ்சிக்குள் காணாமல் போய்விடும். கடைசியில் மேலே ஊற்றினால் ஒரே கரண்டிதான் என்றாலும் முதல் வாயிலேயே தெரியும்.

மூன்றாவதுதான் பெரிய தவறு. ஆப்பிளை வேகவிட்டது. வெந்த ஆப்பிள் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு பண்டம். கடைக் கஞ்சியில் சூடான கஞ்சி, குளிர்ந்த மொறுமொறு ஆப்பிள், மெல்ல வேண்டிய திராட்சை மூன்றும் ஒரே கரண்டியில் வருகின்றன. நாக்குக்கு அதுதான் வேலை. எல்லாவற்றையும் ஒன்றாக வேகவைத்தால் நோயாளிக் கஞ்சி. ஆப்பிளைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேரே எடுத்து நறுக்குங்கள், சாப்பிட உட்காரும்போது போடுங்கள்.

எந்த ஓட்ஸ் வாங்குவது? கடையில் நாலைந்து வகை இருக்கிறதே.

நம் அரிசிக் கணக்கில் சொன்னால் எளிது. உமி நீக்கிய முழு ஓட்ஸைக் கத்தியால் இரண்டு மூன்றாக வெட்டினால் ஸ்டீல் கட் ஓட்ஸ். அது நொய். முழு ஓட்ஸை ஆவியில் வைத்து உருளைக்கு இடையே நசுக்கினால் ரோல்டு ஓட்ஸ். அது அவல். டப்பாவில் ‘ஓல்டு ஃபேஷன்டு’ என்று போட்டிருப்பதும் இதுதான். குயிக் ஓட்ஸ் என்பது வெட்டி மெல்லியதாக நசுக்கிய அவல். இன்ஸ்டன்ட் இன்னும் மெல்லியது, முன்பே வெந்தது, வெந்நீர் ஊற்றினால் போதும்.

இந்தக் கஞ்சிக்கு ரோல்டு ஓட்ஸ். குயிக் ஓட்ஸ் ஒரு நிமிடத்தில் வெந்துவிடும், ஆனால் மாவாகிவிடும், ஆப்பிளோடு சேரும்போது மெல்ல எதுவும் இருக்காது. ருசியில் ஸ்டீல் கட்தான் என் முதல் தேர்வு, ஆனால் அது அடுப்பில் 25 நிமிடம் கேட்கும். ஞாயிற்றுக்கிழமைச் சமாசாரம்.

ஆவியில் வைப்பது வேகவைப்பதற்கு மட்டும் அல்ல. ஓட்ஸில் மற்ற தானியங்களைவிடக் கொழுப்பு அதிகம். அதைச் சிதைக்கும் லிபேஸ் என்ற நொதியும் கூடவே இருக்கிறது. உமி நீக்கிய ஓட்ஸை அப்படியே விட்டால் சில நாளில் காறல் வாடை அடிக்கும். ஆவி அந்த நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. டப்பாவைத் திறந்ததும் பழைய எண்ணெய் வாடை வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

இடையில் ஒரு ஊர்ப் பெருமை. அமெரிக்கர்களைக் காலையில் ஓட்ஸ் சாப்பிட வைத்தவர்களில் முக்கியமானவர் ஃபெர்டினான்ட் ஷூமாக்கர் என்ற ஜெர்மன் குடியேறி. 1850களில் எங்கள் ஒஹாயோவின் ஆக்ரன் நகரில் ஆலை வைத்தார். அதுவரை இங்கே ஓட்ஸ் பெரும்பாலும் குதிரைத் தீவனம். அவருடைய நிறுவனம் பிறகு குவேக்கர் ஓட்ஸோடு இணைந்தது. ஆக்ரனில் ஓட்ஸ் சேமித்த உருளைக் களஞ்சியங்களைப் பின்னாளில் ஹோட்டலாக்கினார்கள். அறைகள் எல்லாம் வட்டம். கட்டிலை எந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டார்களோ தெரியாது.

எனக்கு எப்போதும் பசை மாதிரி ஆகிவிடுகிறது. ஏன்?

கூழ் கிளறுவது போலக் கிளறுகிறீர்கள். ஓட்ஸில் பீட்டா குளூக்கன் என்ற கரையும் நார்ச்சத்து இருக்கிறது. அதுவும் மாவுச்சத்தும் தண்ணீரில் இறங்கினால்தான் கஞ்சி வழவழப்பாகும். விடாமல் கிளறினால் அளவுக்கு மீறி இறங்கும்.

இன்னொரு காரணம், பதம் வந்த பிறகு அணைப்பது. ஓட்ஸ் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். ரவா கிச்சடி போலத்தான், இறக்கும்போது தளதளவென்று இருந்தால் தட்டில் சரியாக இருக்கும். ஏற்கெனவே கெட்டியாகிவிட்டால் இரண்டு கரண்டி வெந்நீர் ஊற்றி ஒரே ஒரு கிளறு.

தண்ணீர் கொதித்த பிறகு ஓட்ஸைப் போட்டால் இதழ் இதழாக இருக்கும். பச்சைத் தண்ணீரிலேயே போட்டுச் சூடேற்றினால் குழைவாக வரும். இரண்டும் சரிதான், உங்கள் வாய்க்கு எது பிடிக்கிறதோ அது. கடைக் கஞ்சி குழைவு வகை. அதன் பொருள் பட்டியலில் பதப்படுத்திய ஸ்டார்ச்சும் இருக்கிறது. வீட்டில் அது தேவையில்லை, 2 நிமிடம் மூடி வைப்பதே போதும்.

கடைக் கஞ்சியில் மேப்பிள் உண்மையிலேயே இருந்ததா?

இந்தக் கேள்வியை வெர்மான்ட் மாநிலமே கேட்டது. அமெரிக்காவில் அதிகமாக மேப்பிள் சிரப் காய்ச்சும் மாநிலம் அது. மேப்பிள் என்று பெயர் போட்டு விற்றால் உண்மையான மேப்பிள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். பெயரில் மேப்பிள், கஞ்சியில் இயற்கைச் சுவையூட்டி என்று கண்டதும் மாநில வேளாண் துறை ஆட்சேபித்தது. கேட்பவர்களுக்கு அசல் மேப்பிள் தருவதாக 2011-இல் வெர்மான்ட் கிளைகளுக்கு மட்டும் மெக்டொனால்ட்ஸ் ஒப்புக்கொண்டது.

ஒரு லிட்டர் சிரப்புக்கு ஏறத்தாழ 40 லிட்டர் மரச்சாறைக் காய்ச்ச வேண்டும். பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு விலை ஏன் அப்படி என்று புரியும். கடையில் ‘பேன்கேக் சிரப்’ என்று மலிவாக இருப்பது சோளச் சிரப். நிறம்தான் ஒன்று. அசலில் ஒரு தேக்கரண்டி போதும். அடர்நிற வகையை வாங்குங்கள், ருசி தூக்கலாக இருக்கும்.

வீட்டில் செய்தால் சர்க்கரை குறையும்தானே?

தானாகக் குறையாது. வீட்டுச் சமையல் என்றாலே நல்லது என்று நம்புகிறவர்களுக்கு இந்தப் பதில் பிடிக்காது. எனக்கும் பிடிக்கவில்லை.

கடைக் கஞ்சி ஒரு கிண்ணம் சுமார் 300 கலோரி, சர்க்கரை 30 கிராமைத் தாண்டும். அது வந்த புதிதில், 2011 பிப்ரவரியில், உணவு எழுத்தாளர் மார்க் பிட்மன் நியூயார்க் டைம்ஸில் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். ஒரு ஸ்னிக்கர்ஸ் மிட்டாயில் இருப்பதைவிடச் சர்க்கரை அதிகம் என்பது அவர் வாதம். அதை நினைத்துக்கொண்டுதான் நான் வீட்டில் செய்யத் தொடங்கினேன். முதல் மாதம் நான் போட்டதைக் கணக்குப் பார்த்தேன். பிரவுன் சுகர் ஒரு மேசைக்கரண்டி, 13 கிராம். கிரான்பெரி ஒரு மேசைக்கரண்டி, அதில் 7 கிராம். உலர் திராட்சையில் 6, ஆப்பிளில் 6. கூட்டினால் 32. கடையைப் போலவே செய்தேன், கடையின் கணக்கே வந்தது!

மேலே கொடுத்த அளவு பிறகு மாற்றியது. அதில் சிரப் 4 கிராம், கிரான்பெரி மூன்றரை, திராட்சை 6, ஆப்பிள் 6, பாலிலிருந்து 3. மொத்தம் 22 கிராம் அளவில் வரும். ஆனால் அதில் வெளியிலிருந்து சேர்த்தது ஏழரைக்குள்தான், மிச்சம் பழத்துக்கும் பாலுக்கும் சொந்தமானது. அமெரிக்க இதய சங்கம் சேர்த்த சர்க்கரைக்குச் சொல்லும் எல்லை பெண்களுக்கு நாளுக்கு 25 கிராம், ஆண்களுக்கு 36. காலையிலேயே 20 கிராமைச் செலவழிப்பதற்கும் ஏழோடு முடிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. கலோரி மட்டும் அதே 300 பக்கம்தான் நிற்கும், அதில் ஏமாற வேண்டாம்.

எப்படி ஏழு கிராமில் இனிக்கிறது என்றால், திராட்சையைத் தண்ணீரிலேயே போட்டுக் கொதிக்க வைப்பதுதான் வித்தை. அதன் இனிப்பு கஞ்சி முழுக்கப் பரவிவிடும்.

கிரான்பெரிதான் இங்கே கள்ளன். பார்த்தால் பழம், ஆரோக்கியம். இயல்பில் அது வாயில் வைக்க முடியாத புளிப்பு, அதனால் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துத்தான் உலர்த்துகிறார்கள். எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. ஆகவே அரைக் கரண்டி, அதுவும் மேலே. புளிப்பு நாக்கில் படட்டும், அதற்குத்தான் அது.

ஸ்டார்பக்ஸ் 2008-இல் ஓட்ஸ் கஞ்சி விற்க ஆரம்பித்தபோது உலர் பழம், கொட்டைகள், பிரவுன் சுகர் மூன்றையும் தனித்தனிப் பொட்டலமாகக் கொடுத்தது. அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது. வேண்டாதது பையிலேயே கிடக்கும். வீட்டிலும் விருந்தாளிகள் வந்தால் நான் அப்படித்தான் சிறு கிண்ணங்களில் வைக்கிறேன்.

பிரவுன் சுகருக்குப் பதில் நாட்டுச்சர்க்கரையோ வெல்லமோ போடலாமா?

போடலாம், ருசி இன்னும் நன்றாகவே இருக்கும். பிரவுன் சுகர் என்பது வெள்ளைச் சர்க்கரையில் கழிவுப்பாகைத் திரும்பக் கலந்தது. வெல்லத்தின் மணம் அதில் கிடையாது. ஆனால் சத்து அதிகம் என்று சொல்லி இரண்டு கரண்டி கூடுதலாகப் போடாதீர்கள், சர்க்கரைக் கணக்கில் எல்லாம் ஒன்றுதான்.

ஒரு எச்சரிக்கை. கொதிக்கும் பாலில் வெல்லம் போட்டால் திரிந்துவிடும் என்பது பாயசம் செய்தவர்களுக்குத் தெரியும். இங்கேயும் அதே. வெல்லம் போடுகிற நாளில் ஓட்ஸை முழுக்கத் தண்ணீரில் வேகவைத்து, இறக்கி, வெல்லத்தைக் கரைத்து, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு பாலோ க்ரீமோ சேருங்கள்.

ஹாஃப் அண்ட் ஹாஃப் என்றால் என்ன? அது இல்லாவிட்டால்?

பாதி பால் பாதி க்ரீம். கொழுப்பு 10.5-லிருந்து 18 சதவீதத்துக்குள். கடையில் போடுவது லைட் க்ரீம், அது இதற்கு ஒரு படி மேலே. ஹெவி க்ரீம் 36 சதவீதம், அதில் ஒரு தேக்கரண்டியே போதும். எதுவும் இல்லையா, காய்ச்சிய பாலின் ஆடையை ஒரு கரண்டி எடுத்துப் போடுங்கள். என்னைக் கேட்டால் அதுதான் எல்லாவற்றையும்விட மேல்.

பால் பொருளே வேண்டாம் என்பவர்களுக்குக் கெட்டித் தேங்காய்ப்பால். ஓட்ஸ் பால் ஊற்றலாமா என்று ஒருவர் கேட்டார். ஊற்றலாம். அரிசிச் சோற்றில் வடிகஞ்சி ஊற்றிச் சாப்பிடுவது போல.

நறுக்கிய ஆப்பிள் கறுத்துப்போகிறதே, கடையில் மட்டும் எப்படி வெள்ளையாக இருக்கிறது?

கால்சியம் அஸ்கார்பேட்டில் நனைக்கிறார்கள். வைட்டமின் சி-யின் ஓர் உப்பு அது, பயப்பட ஒன்றுமில்லை. வீட்டில் ஒரு கப் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, துண்டுகளை 5 நிமிடம் போட்டு, அலசி எடுத்தால் மதியம் வரை நிறம் மாறாது. எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும், ஆனால் புளிக்கும். சாப்பிடும்போதே நறுக்கினால் இந்தக் கேள்விக்கே வேலையில்லை.

வகையைப் பற்றி: கிரானி ஸ்மித் பச்சை ஆப்பிள் பாதி, காலா அல்லது ஃபியூஜி பாதி. ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்றால் பச்சை. ரெட் டெலிஷியஸ் வேண்டாம். பார்க்க அழகு, வாயில் மாவு.

வேறு என்ன பழம் போடலாம்?

வாழைப்பழம் கனிந்து கறுத்திருந்தால் பாதியை மசித்துக் கஞ்சியோடு வேகவிடுங்கள், சிரப்பே தேவைப்படாது. உறைந்த ப்ளூபெரியைக் கடைசி நிமிடத்தில் போடலாம், கஞ்சி ஊதாவாகும், குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். பேரிக்காய், பீச், பேரீச்சை எல்லாம் சேரும்.

வேகவைக்காத அன்னாசி மட்டும் வேண்டாம். அதிலுள்ள நொதி பால் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கிவிடும். டின் அன்னாசி சூடாக்கப்பட்டது, அதனால் பிரச்சினை இல்லை.

மைக்ரோவேவில் வைத்தால் பொங்கி வழிகிறது.

பெரிய கிண்ணம் எடுங்கள், அதுதான் முழுப் பதில். கஞ்சி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. பாலை விட்டுத் தண்ணீரில் மட்டும் வேகவைத்தால் பொங்குவது குறையும். இரண்டரை நிமிடத்தைப் பாதிச் சக்தியில் ஐந்து நிமிடமாக மாற்றினால் இன்னும் நல்லது. காபிக் கோப்பையில் ஓட்ஸ் வேகவைத்து அலுவலக மைக்ரோவேவைப் பாழாக்கிய ஆள் யார் என்று ஒரு காலத்தில் பெரிய விசாரணை நடந்தது. இதுவரை அவர் பிடிபடவில்லை, இதை எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஸ்டீல் கட் ஓட்ஸை ‘இன்ஸ்டன்ட் பாட்’ என்ற மின்சார அழுத்தக் குக்கரிலோ விசில் குக்கரிலோ வைக்கலாமா?

இன்ஸ்டன்ட் பாட் என்றால் ஒரு கப் ஓட்ஸுக்கு மூன்று கப் தண்ணீர், உப்பு. அதிக அழுத்தத்தில் 4 நிமிடம், பிறகு அழுத்தம் தானாக இறங்கும் வரை தொடாதீர்கள். ஓட்ஸ் நுரைக்கும். அவசரப்பட்டு ஆவியைத் திறந்துவிட்டால் வால்வு வழியே கஞ்சி பீய்ச்சும், சுவரைத் துடைத்து எனக்குப் பழக்கம். பாத்திரம் பாதிக்கு மேல் நிறையக்கூடாது, ஒரு துளி வெண்ணெய் போட்டால் நுரை அடங்கும். விசில் குக்கரில் நேரடியாக வைக்காதீர்கள், துவாரம் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

இவை எதுவும் இல்லாமலும் வழியிருக்கிறது. இரவு படுக்கும் முன் ஓட்ஸைத் தண்ணீரோடு ஒரு கொதி விட்டு அணைத்து மூடிவிடுங்கள். கை சுடாத அளவு ஆறியதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் போகட்டும். காலையில் பத்து நிமிடம் சூடாக்கினால் போதும்.

நாலு நாளைக்குச் சேர்த்துச் செய்து வைக்கலாமா?

கஞ்சியை மட்டும் வைக்கலாம். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட்டால் மூன்று நான்கு நாள் தாங்கும். அல்வாத் துண்டு மாதிரி இறுகிப்போகும், பாலோ தண்ணீரோ விட்டுச் சூடாக்கினால் இளகும். பழமும் க்ரீமும் அன்றன்றைக்கு.

வேகவைக்காமல் ஊறவைத்தே சாப்பிடுகிறார்களே?

‘ஓவர்நைட் ஓட்ஸ்’ என்று புதிதாகப் பேசப்படுவது, 1900 வாக்கில் சுவிட்சர்லாந்தில் டாக்டர் பிர்ஷர்-பென்னர் தன் நோயாளிகளுக்குக் கொடுத்ததுதான். ஊறவைத்த ஓட்ஸ் கொஞ்சம், தோலோடும் விதையோடும் துருவிய ஆப்பிள் நிறைய, எலுமிச்சை, கெட்டிப்பால், கொட்டைகள். பின்னர் வந்த மியூஸ்லிக்கெல்லாம் அதுதான் தாய். அவருக்கு ஆப்பிள்தான் சாப்பாடு, ஓட்ஸ் தொட்டுக்கொள்ள! கோடையில் செய்யலாம். ஜனவரியில் கேட்காதீர்கள்.

காரில் எடுத்துப் போக வேண்டும். வழி?

அகலவாய் ஃபிளாஸ்க். அதில் முதலில் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டுங்கள். பிறகு ஓட்ஸ், உப்பு, திராட்சை போட்டு, கொதிக்கிற தண்ணீர் ஒரு கப் ஊற்றி மூடுங்கள். அலுவலகம் போய்ச் சேருவதற்குள் வெந்திருக்கும். ஆப்பிள் தனி டப்பாவில். இது அடுப்பே இல்லாத முறை, விடுதியில் இருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

சின்னக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

கஞ்சியைத் தாராளமாக. ஆனால் நான்கு வயதுக்குள் இருந்தால் வேகவைக்காத ஆப்பிள் துண்டும் முழு உலர் திராட்சையும் தொண்டையில் அடைக்கக்கூடியவை. ஆப்பிளைத் துருவுங்கள் அல்லது வேகவையுங்கள், திராட்சையை வேகவிட்டு மசித்துவிடுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு உப்பும் இனிப்பும் வேண்டாம். தேன் கட்டாயம் கூடாது.

அப்பாவுக்கு சுகர் இருக்கிறது. ஓட்ஸ் நல்லது என்கிறார்களே, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாமா?

கூடாது. 40 கிராம் ஓட்ஸில் 27 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கிறது. மேலே உள்ள கிண்ணம் முழுதாக 50 கிராம் பக்கம் போகும். இட்லி, தோசை போல இதையும் கணக்கில் வைக்க வேண்டிய உணவுதான். அவருக்கு ஸ்டீல் கட் அல்லது ரோல்டு, சிரப்பும் கிரான்பெரியும் கிடையாது, திராட்சை கால் பங்கு, ஆப்பிள் இருக்கட்டும், ஒரு கைப்பிடி பாதாமோ வால்நட்டோ சேருங்கள். இன்ஸ்டன்ட் ஓட்ஸ் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றிவிடும், அதுவும் இனிப்புச் சேர்த்த பாக்கெட் வேண்டவே வேண்டாம். சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்துக் குளூக்கோமீட்டரில் பாருங்கள், அவர் உடம்பு என்ன சொல்கிறதோ அதை அவருடைய மருத்துவரிடம் காட்டுங்கள்.

கொலஸ்ட்ராலைப் பற்றிச் சொல்லப்படுவதில் உண்மை இருக்கிறது. நாளுக்கு 3 கிராம் பீட்டா குளூக்கன் இதய நோய் அபாயத்தைக் குறைக்க உதவலாம் என்று டப்பாவில் அச்சிட அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997-இல் அனுமதித்தது. ஒரு கிண்ணத்தில் அதில் பாதிக்கு மேல் கிடைக்கும், முழுதும் அல்ல.

பதினொரு மணிக்கே பசிக்கிறது.

புரதம் போதவில்லை. கஞ்சியில் ஏழெட்டு கிராம்தான் தேறும். ஒரு அவித்த முட்டை, அல்லது ஒரு கரண்டி வேர்க்கடலை வெண்ணெய்.

கோதுமை ஒத்துக்கொள்ளாது. ஓட்ஸ் சரியா?

ஓட்ஸில் கோதுமையின் குளூட்டன் என்ற புரதம் கிடையாது. ஆனால் வயலிலும் லாரியிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடும். குளூட்டன் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் உள்ளவர்கள் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று அச்சிட்ட டப்பாவைத்தான் வாங்க வேண்டும். சிலருக்கு ஓட்ஸின் சொந்தப் புரதமே ஒத்துக்கொள்ளாது, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

உண்மையில் காசு மிச்சமா?

42 அவுன்ஸ் டப்பா ஒன்றில் 30 கிண்ணம் வரும். ஓட்ஸுக்கு ஆகும் செலவு சில்லறை. காசைத் தின்பது மேப்பிளும் கிரான்பெரியும்தான்.

கஞ்சி ஒட்டிய பாத்திரம் கழுவுவது பெரிய பாடாக இருக்கிறதே?

வெந்நீர் ஊற்றாதீர்கள், மாவுச்சத்து இன்னும் இறுகிப் பிடிக்கும். கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிய கையோடு பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருங்கள். சாப்பிட்டு எழுந்திருக்கும்போது மேல்தோல் போலக் கழன்று வரும்.